ராகு காலத்தில் எழுதாத கிராணி

என்னை வேலைக்கு எடுத்ததே ஒரு மனுஷன் வாயிலிருந்து வருவதை எழுத்தில் பிடித்து வைக்கத்தான்.

ஆக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கி என்ற இடத்தில், கூல்ரூம் என்கிற குளிர் அறைகளுக்குக் கதவு செய்கிற சின்னத் தொழிற்சாலை அது. கசாப்புக் கடை, மீன் கடை, பேக்கரி என்று ஆர்டர் வரும். அந்த மனுஷன் அங்கே இருபது வருஷமாக மேற்பார்வை பார்க்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கணும், யாருக்கு எவ்வளவு தடிமன், எல்லாமே அவர் தலைக்குள்தான். காகிதத்தில் ஒரு புள்ளி வைக்க மாட்டார். வாடிக்கையாளர் போன் பண்ணி ஏதாவது மாற்றினால், முழங்கால் வலியோடு நொண்டி நொண்டிப் போய், பலகை வெட்டுகிற மெஷினில் நிற்கும் சமோவாக்காரரின் காதில் கத்துவார். சமோவாக்காரர் சத்தத்துக்குப் பயந்து காதை அடைத்துக்கொண்டு நிற்பவர். பாதி கேட்கும், மீதியை அவரே யூகித்துக்கொள்வார். அதனால் அவ்வப்போது ஒரு கதவு சுவரைப் பார்த்துத் திறக்கும்.

முதலாளி வெள்ளைக்காரர், குளிர்காலத்திலும் அரைக்கால் சட்டை. முதல் நாளே சொல்லிவிட்டார்: "மாற்றங்கள் எல்லாம் எழுத்தில் வரணும். அதுதான் உன் வேலை. தொண்ணூறு நாள் சோதனைக் காலம். அதுக்குள்ள வரலன்னா, மன்னிச்சுக்கோ." அந்த ஊர்ச் சட்டப்படி தொண்ணூறு நாளுக்குள் காரணம் சொல்லாமலே அனுப்பலாம். எனக்கு வேலை போனால் விசா போச்சு. விசா போனால் பிளாட் புஷ்ஷில் வாடகை வீட்டில் இருக்கிற என் கணவருக்கும் போச்சு, பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மூன்று வாரமேயான மகளுக்கும் போச்சு. மூணு பேரும் ஒரே கயிற்றில் தொங்கினோம், கயிற்றின் மறுமுனை அந்த யாழ்ப்பாணத்துக்காரர் கையில்.

நான் மதுரைக்காரி. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும், ஆனால் வேலையில் சோடை போக மாட்டேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நோட் திறந்தேன். மார்க்டவுன் என்பார்கள், பெரிய வித்தை இல்லை. வெறும் எழுத்துதான், முன்னால் ஒரு ஹேஷ் போட்டால் தலைப்பு, ஒரு சின்னக் கோடு போட்டால் பட்டியலில் ஒரு வரி. எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். மெஷின் பக்கத்தில் ஒரு திரை வைத்து அன்றைய நோட் அதில் தெரியும்படி செய்தேன்.

யார் அதில் எழுதுவது? கையில் பசை, கையுறை, அவசரம். அதனால் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆர்டர் எண்ணையும் விஷயத்தையும் போனில் மெசேஜாக அனுப்பினால் போதும். ஸ்கிரிப்ட் அந்த நோட்டைத் தேடிப் பிடித்து, கடைசியில் ஒரு கோடு போட்டு, அந்த வரியைச் சேர்த்துவிடும். திரையில் புது வரி மஞ்சளாக மின்னும். சமோவாக்காரர் காதைத் திறக்கவே வேண்டாம், கண்ணைத் திறந்தால் போதும். லாரி ஏற்றுகிற பகுதியில் இருந்த மலேசியத் தமிழ் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "அட, நமக்கு ஒரு கிராணி கிடைச்சிருச்சு லா!" என்றார். ஆபீஸ் குமாஸ்தாவை அவர்கள் ஊரில் கிராணி என்பார்களாம். அன்றிலிருந்து ஸ்கிரிப்டுக்குக் கிராணி என்றே பெயர்.

எல்லாரும் அனுப்பினார்கள், ஒருத்தரைத் தவிர.

"உதெல்லாம் எனக்குச் சரிவராது பிள்ளை" என்றார் அண்ணன். மேற்பார்வை பார்க்கிற அந்த யாழ்ப்பாணத்துக்காரரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏன் அண்ணே? நீங்க வாட்ஸாப்ல பேத்தி போட்டோ அனுப்புறதில்லையா?"

"அது வேற. இது எழுத்து. நான் அனுப்பினா உடனே எழுதிப்போடும். ராகு காலத்திலை எழுதிப்போட்டா?"

நான் வாயைப் பிளந்தேன். எங்கள் அம்மா ராகு காலம் பார்க்காமல் கடுகு தாளிக்க மாட்டார்கள். அதிலிருந்து தப்பித்து ஒரு பெருங்கடல் தாண்டி வந்தால், அங்கே பலகை அறுக்கிற இடத்தில் வந்து நிற்கிறது ராகு காலம்!

"தொடங்கத்தானே அண்ணே கூடாது? இது புது நோட் இல்ல. இருக்கிற நோட்டுக்குக் கீழ ஒரு வரி சேர்க்குது, அவ்வளவுதான்."

"எழுத்து எண்டா எழுத்துத்தான். வாயாலை கதைக்கிறதுக்கு ராகு காலம் இல்லை. எழுத்துக்கு இருக்கு."

"அப்ப மெசேஜ் அனுப்புறது?"

கொஞ்சம் யோசித்தார். "அது கதைக்கிறது மாதிரித்தான். கிராணி எழுதேக்கைதான் அது எழுத்து."

அடேயப்பா, எந்த வக்கீலும் தோற்றான்! எனக்கு எரிச்சலில் காது சூடாகிவிட்டது. ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது, மூன்றாவது வாரம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். "சரி அண்ணே. நீங்க எப்ப வேணா அனுப்புங்க. ராகு காலமா இருந்தா கிராணி எழுதாம கையில வச்சிருக்கும். முடிஞ்சதும் எழுதும். போதுமா?"

"நீர் செய்வீரோ?"

"செய்றேன்."

செய்தேன். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று ஏழு நாளும் எனக்குத் தலைகீழாகப் பாடம். ஏழு வரியில் எழுதி முடித்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, எந்த இங்கிலீஷில்?

மறுநாளிலிருந்து அண்ணன் அனுப்ப ஆரம்பித்தார். ஐயோ, அனுப்பினாரே! இருபது வருஷம் வாயில் வைத்திருந்ததெல்லாம் கொட்டியது. "கைப்பிடி உயரம் குறை, கடைக்காரம்மா கட்டை." "இந்த ஆள் பிறகு மாத்துவார், அவசரப்படாதேங்கோ." எல்லாம் தமிழும் இங்கிலீஷும் கலந்து இங்கிலீஷ் எழுத்தில். நான் உட்கார்ந்து சமோவாக்காரருக்குப் புரிகிற மாதிரி ஒழுங்கு பண்ணுவேன். ஏழு வாரம் ஒரு கதவுகூடத் தப்பாகத் திறக்கவில்லை. முதலாளி போகிற வழியில் என் மேஜையைத் தட்டிவிட்டுப் போவார். வீட்டில் நான் கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டேன்.

பத்தாவது வாரம் முதலாளி, "எந்த வரி எப்ப வந்ததுன்னு தெரியல, நேரத்தையும் சேர்த்துப் போடு" என்றார். நியாயம்தான். வியாழக்கிழமை மதியம் போட்டேன். பார்த்தால், மத்தியானம் இரண்டு மணிக்கு வந்த வரிக்கு முன்னால் விடிகாலை இரண்டு மணி என்று நிற்கிறது! ஊரே தூங்குகிற நேரத்தில் எங்கள் ஆட்கள் கதவு செய்திருக்கிறார்கள். கிராணி குடியிருந்தது எங்கோ வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில்; அதன் கடிகாரம் கிரீனிச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எங்களுக்குப் பகல் என்றால் அதற்கு ராத்திரி. இது ஒரு விஷயமா, கடிகாரத்தை ஆக்லாந்து நேரத்துக்கு மாற்றினேன், ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தே முக்காலுக்குக் கசாப்புக் கடைக்காரர் அண்ணனுக்குப் போன் பண்ணி, கீல் வலது பக்கம் வேண்டாம், இடது பக்கம் வேண்டும் என்றிருக்கிறார். அண்ணன் உடனே அனுப்பிவிட்டார். கிராணி, முதல் முறையாக, சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. திரையில் ஒன்றும் மின்னவில்லை. சமோவாக்காரர் வலது பக்கமே வெட்டித் துளை போட்டார், ஒன்றல்ல, இரண்டு கதவுக்கு. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, நான் டப்பாவைத் திறந்து புளிசாதத்தில் கை வைக்கிற நேரம், நாலு வரி ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாக மின்னியது. அதில் முதல் வரி: வெட்ட வேண்டாம்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஏழு வாரமும் கிராணி ராகு காலம் பார்த்தது, ஆனால் கிரீனிச்சின் ராகு காலம். நாங்கள் தூங்குகிறபோது பயபக்தியோடு பேனாவை மூடி வைத்திருக்கிறது. பகலில் எங்கள் ராகு காலத்தில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதித் தள்ளியிருக்கிறது. தப்பாக இருந்தவரை எல்லாம் சரியாக நடந்தது; நேற்றுத்தான் சரி பண்ணினேன், இன்றைக்குக் குடி கெட்டது.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். அண்ணனும் கூடவே வந்தார், கூப்பிடாமலே. நான் "நெட்வொர்க் கோளாறு" என்று ஆரம்பித்தேன். பொய் சொல்லும்போது எனக்குக் கழுத்தெல்லாம் சிவக்கும்.

"இல்லை" என்றார் அண்ணன், இங்கிலீஷில். "நான் கேட்டதாலைதான். ராகு காலம்."

முதலாளி என்னைப் பார்த்தார். விளக்க வேண்டியதாயிற்று. தினமும் ஒன்றரை மணி நேரம் நல்லதில்லாத நேரம் என்றேன்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"எனக்குமா?"

"உங்களுக்கும்தான்."

காகிதத்தில் ஏழு நாளையும் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தவர் சனிக்கிழமையில் நின்றார். ஒன்பது முதல் பத்தரை.

"என் கல்யாணம் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் நடந்தது" என்றார் மெதுவாக.

அவர் விவாகரத்தானவர் என்று தொழிற்சாலைக்கே தெரியும். அண்ணன் என் பக்கம் திரும்பி, "பாத்தீரோ?" என்றார் தமிழில். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. 

முதலாளி காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "சரி. இத்தனை வாரம் இது எப்படி ஒழுங்கா ஓடுச்சு?"

"அது எல்லா ராகு காலமும் பாத்துத்தான் எழுதினது" என்றார் அண்ணன் பெருமையாக.

"அண்ணே," என்றேன், "பத்தே முக்காலுக்கு அனுப்பினா பன்னிரண்டுக்குத்தான் எழுதும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"இவ்வளவு நாளும் நான் அனுப்பின உடனை வேலை நடந்தது பிள்ளை. அது எப்பிடியோ எழுதாமலே மெஷின்காரனுக்குச் சொல்லிப்போடும் எண்டு நினைச்சன்."

இதற்கு மேல் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். முதலாளிக்கு முகம் தெளிந்தது. அண்ணனுக்கு முகம் செத்துப்போனது.

"அப்ப ஏழு கிழமையும்... ராகு காலத்திலையோ எழுதினது? என்ரை பேரிலை?"

"ஆமா அண்ணே, ஏழு வாரமும். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

எழுந்து போய்விட்டார். முதலாளி என்னிடம் இரண்டே விஷயம் சொன்னார். அந்த ராகு காலத்தைக் கிராணியிலிருந்து எடு. மூன்று வாரம் கழித்து வரும் வெள்ளி உனக்குத் தொண்ணூறாவது நாள். பகல் பன்னிரண்டு மணிக்கு நோட்டைத் திறந்து பார்ப்பேன், மாற்றங்கள் எழுத்தில் வந்துகொண்டிருந்தால் நீ இருக்கலாம். இன்னொரு கதவு கெட்டால் இருக்க முடியாது.

ஏழு வரியையும் அழிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அண்ணன் அனுப்புவதை நிறுத்திவிட்டார். பழையபடி நொண்டிக்கொண்டே மெஷினுக்குப் போய்க் கத்த ஆரம்பித்தார். மாற்றம் எல்லாம் அவர் வழியாகத்தான் வரும், அதனால் நோட்டெல்லாம் வெறிச்சென்று கிடந்தது, தலைப்பும் ஹேஷும் மட்டும். சாப்பாட்டு அறையில் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பை அவர் பக்கம் நகர்த்தினேன். என் குழம்பை ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லாத மனுஷன். "வேண்டாம் பிள்ளை, வயிறு சரியில்லை" என்றார். கையில் சொந்த வடை இருந்தது.

எனக்கு வந்ததே கோபம். "நான் என்ன திருடிட்டேனா அண்ணே? கடிகாரம் தப்பா இருந்ததுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

அவர் வடையை வைத்துவிட்டார். "கடிகாரம் பிழையாப் போகலாம். நீர் செய்யிறன் எண்டு சொன்னனீர். நான் நம்பிப்போட்டுப் பிறகு ஒரு நாளும் யோசிக்கேல்லை. சரி பிழை ஒருக்கா பாத்தனீரோ?"

பார்க்கவில்லை. அவருடைய நம்பிக்கையை ஒரு விளையாட்டாக நினைத்து ஏழு வரி எழுதிப் போட்டேன். கதவு அளவாக இருந்தால் பத்து முறை பார்த்திருப்பேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மன்னிச்சிருங்க அண்ணே" என்றேன். "விடும்" என்றார். ஆனால் அனுப்பவில்லை. அதற்கு மேல் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. கணவரிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் பரண் மேல் இருந்த பயணப் பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினார். அதைப் பார்த்ததும் அவர் மேலும் கோபம் வந்தது.

தொண்ணூறாவது நாள் வந்தது. அன்று பேக்கரிக் கதவு ஒன்றுதான் வேலை. பத்தரைக்குக் கொஞ்சம் பிறகு, கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையாட்டுகிறார். மாற்றம் வந்திருக்கிறது, சந்தேகமில்லை. மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு அவருக்கு முழங்கால் வீங்கி, காலை நீட்டிப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நடந்து போவதற்குள் பலகை இரண்டாகும். அனுப்பினால் அந்த நொடியே எழுதிவிடும், கையில் வைத்திருக்க இப்போது கிராணிக்குத் தெரியாது. சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். எனக்கும் கண் அங்கேதான். வெள்ளிக்கிழமை, பத்து நாற்பத்தேழு.

நான் எழுந்து ஓடலாமா என்று நினைத்தேன். ஓடி என்ன கேட்பது? மாற்றம் என்னவென்று எனக்குத் தெரியாதே. அவர் போனைக் கீழே வைத்தார். பிறகு எடுத்தார். கட்டை விரலால் தட்டினார், ரொம்ப நேரம்.

திரையில் மஞ்சளாக மின்னியது. பேக்கரி, அகலம் கூட்டு, வெட்ட வேண்டாம். சமோவாக்காரர் கையைத் தூக்கினார், மெஷின் நின்றது. நான் மூச்சு விடுவதற்குள் இரண்டாவது வரி வந்தது. இதுவரை இங்கிலீஷ் எழுத்திலேயே அனுப்பிய மனுஷன், இதைத் தமிழ் எழுத்தில் அனுப்பியிருந்தார்.

"எழுதினது நான். வாறது எனக்கு வரட்டும். பிள்ளையின்ரை வேலைக்கு ஒண்டும் வரக்கூடாது."

பேக்கரிக் கதவின் அகலத்துக்கும் உயரத்துக்கும் கீழே, ஒரு சின்னக் கோடு போட்டு, நேரம் போட்டு, கிராணி அதையும் சேர்த்துவிட்டது. நான் ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். மலேசியா அம்மா ஓடிவந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார்.

பன்னிரண்டு மணிக்கு முதலாளி நோட்டைத் திறந்தார். முதல் வரியைப் படித்துவிட்டு மெஷினை எட்டிப் பார்த்தார், பலகை முழுசாக இருந்தது. பிறகு இரண்டாவது வரியில் விரலை வைத்தார். "இது என்ன எழுதியிருக்கு?"

"பொறுப்பு அவருடையதுன்னு எழுதியிருக்கார்."

"நல்ல பழக்கம். எல்லாரும் இப்படி எழுதணும்" என்றார். என் கையைக் குலுக்கினார், வேலை நிரந்தரம் என்றார்.

நான் ஓடினேன். அண்ணன் அதே நாற்காலியில், அதே இடத்தில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பத்து நாற்பத்தேழிலிருந்து அவர் அசையவே இல்லையாம். தேநீர் குடிக்கவில்லை, மெஷின் பக்கம் போகவில்லை, பக்கத்தில் வந்த ஆட்களையும் தள்ளிப் போகச் சொல்லியிருக்கிறார். வருகிறது வந்தால் தன் மேல் மட்டும் வரட்டும் என்று.

"வேலை நிரந்தரம் ஆயிருச்சு அண்ணே" என்றேன்.

"ஓம், அது கிடக்கட்டும். நேரம் என்ன பிள்ளை?"

"பன்னிரண்டு தாண்டி அஞ்சு நிமிஷம்."

"வடிவாப் பாத்தனீரோ?"

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சுவரிலிருந்ததைப் பார்த்தேன். போனை எடுத்து அதையும் பார்த்தேன்.

"பாத்துட்டேன் அண்ணே. மூணுலயும் முடிஞ்சிருச்சு."

"அப்ப எழும்பலாம்" என்று கையை நீட்டினார்.